சதுரக் காசு கிடைத்த இடம் எது?

மலாயாவின் ஒரு காசு ஒருகாலத்தில் சதுரமாக இருந்தது. 1919இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையோடு வந்தது. பிறகு ஆறாம் ஜார்ஜ், எலிசபெத் என்று தலைகள் மாறினாலும் மூலை மழுங்கிய அந்தச் சதுரம் 1961 வரை மாறவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய தோட்டங்களில், லயன் வீடுகளை இடித்துத் தள்ளிய மண்ணின்மேல் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர் எதிர்பார்க்கக்கூடிய புதையல் பெரும்பாலும் இதுதான். சந்தையில் பெரிய விலை போகாது. ஆனால் 1930 வாக்கில் இந்த வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கைதவறி விழுந்த ஒரு காசை அன்று யாரும் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய பண்ணை வீடுகளைச் சுற்றி டிடெக்டர் வைத்துத் தேடுவது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நமக்குப் பண்ணை வீடு என்றால் லயன்தான். சுபாங் ஜெயா நின்றுகொண்டிருப்பது சீபீல்டு தோட்டத்தின் மேல். பங்சார் என்ற பெயரே பங்–கிரிசார் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது. பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை எல்லாம் தார்ச்சாலைக்கும் வீடமைப்புத் திட்டத்துக்கும் அடியில் போய்விட்டன. துரைமார்களின் கணக்குப் புத்தகங்கள் மிஞ்சியிருக்கின்றன. தொழிலாளி எழுதி வைத்தது குறைவு. அவர்கள் கையாண்ட பொருள்கள் மண்ணில்தான் கிடக்கின்றன.

கருவியின் அடிப்படை எளிது. கீழே உள்ள வட்டத் தட்டுக்குள் ஒரு கம்பிச்சுருள். அதில் விநாடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அது உண்டாக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே ஒரு உலோகத்துண்டு இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் எழும். அவை தமக்கென்று ஒரு சிறு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டாவது சுருள் அதைப் பிடித்துக்கொள்கிறது. காதில் பீப் என்று கேட்பது அதுதான்.

சத்தம் வந்தது என்பதைவிட எவ்வளவு பிந்தி வந்தது என்பதுதான் முக்கியம். ஒரே விதமாகத் தள்ளினாலும் கனமான பிள்ளை அமர்ந்த ஊஞ்சல் சற்றுத் தாமதமாகத்தான் அசையும். அதுபோல வெள்ளி, செம்பு போல மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகங்களில் எழும் சுழல் மின்னோட்டம் மெல்லத்தான் அடங்கும். பதில் அலை கூடுதலாகப் பிந்தும். மெல்லிய அலுமினியத் தாளில் சட்டென்று அடங்கிவிடும். இரும்பு தானே காந்தமாவதால் அதன் பதில் வேறு மாதிரி. இந்தத் தாமதத்தை அளந்துதான் கருவி ஒரு எண்ணைக் காட்டுகிறது. சதுரக் காசு வெண்கலம், அதில் பெரும்பங்கு செம்பு. ஆகவே ஒரு சாண் ஆழத்தில் கிடந்தாலும் தெளிவாகப் பேசும்.

டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் இதே கொள்கையில்தான் ஒரு கருவி செய்து, சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேடினார். கிடைக்கவில்லை. மருத்துவர் வலப்பக்கம் மட்டுமே தேடவிட்டார், குண்டு இடப்பக்கம் இருந்தது. மெத்தையின் கம்பிச்சுருள்களும் குழப்பிவிட்டன.  

பெல்லுக்கு மெத்தை என்றால் நமக்குச் செம்பூரான் மண். அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் கருவியின் காந்தப்புலத்துக்குத் தாமே பதில் சொல்லும். மண்ணின் இரைச்சலைக் கழித்துக் கேட்கும்படி கருவியைச் சரிசெய்யாவிட்டால் நடக்கும் வழியெல்லாம் கத்தும். இதோடு துருப்பிடித்த ஆணிகள், முள்வேலிக் கம்பி, தகரக் கூரைத் துண்டுகள். பெரிய தகரம் ஒன்று கிடந்தால் அதனடியில் உள்ள காசு கேட்கவே கேட்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பால் சேகரித்த பீங்கான் கோப்பை, கண்ணாடி வளையல், அகல்விளக்கு ஆகியவற்றுக்கு இந்தக் கருவி செவிடு. லயத்துப் பெண்களின் வாழ்க்கையில் பாதி அதற்குத் தெரியாது.

கிள்ளான் மண் இதைவிடப் பழைய உலோகங்களையும் தந்திருக்கிறது. 1905இல் இங்கே கிடைத்த பழங்கால வெண்கல மணி இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழகான மணி, ஆனால் கூட என்ன கிடந்தது, எந்த மண்ணடுக்கில் புதைந்திருந்தது என்று கேட்டால் அதனிடம் அதிகம் பதில் இல்லை. 1964இல் பந்திங் அருகே கம்போங் சுங்கை லாங்கில் இரண்டு வெண்கல முரசுகள் வெளிப்பட்டபோது மலாயாப் பல்கலைக்கழகத்தின் பீகாக் அந்த இடத்தை முறையாக ஆராய்ந்தார். முரசுகள் ஒரு மேட்டுக்கு அடியில் மரப்பலகைமேல் வைக்கப்பட்டிருந்தன. வெண்கலத்துக்குக் கரிமக் காலக்கணிப்பு செய்ய முடியாது, பலகைக்குச் செய்யலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காலம் தெரியவந்தது அந்தப் பலகையால்தான். டிடெக்டரோடு வந்து முரசை மட்டும் பிடுங்கிப் போயிருந்தால் பலகை விறகாகியிருக்கும்.

என்னைக் கேட்டால், டிடெக்டர் குற்றவாளி இல்லை. குறிப்பேடு இல்லாத டிடெக்டர்தான் குற்றவாளி. இங்கிலாந்தில் 1997இல் தொடங்கிய ஒரு பதிவுத் திட்டத்தில் பொதுமக்கள் கண்டெடுத்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள், கிடைத்த இடத்தோடு பதிவாகியிருக்கின்றன. ஆறாம் ஜார்ஜ் தலையுள்ள ஒரு காசு தனியாகக் கிடந்தால் வெறும் காசு. அதே காசுகள் லயத்தின் ஒரு கோடியில் குவிந்தும் மறுகோடியில் இல்லாமலும் இருந்தால், 1939க்குப் பிறகு ஆள் புழங்கிய இடம் எது, கடை இருந்தது எங்கே என்று யோசிக்க வழி கிடைக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பவர்களும் உண்டு. நம் அமில மண்ணில் ஏற்கெனவே அரிபட்ட காசில் மிஞ்சியிருக்கும் எழுத்தும் அதோடு போய்விடும்.

ஆபத்தும் இருக்கிறது. 1945 தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்கள் கோலாலம்பூரின் ரயில்வே பட்டறைகள்மீதும் தண்டவாளங்கள்மீதும் குண்டு வீசின. மார்ச் மாதம் விழுந்த குண்டு சிலாங்கூர் அருங்காட்சியகத்தையே சிதைத்தது. இன்றைய தேசிய அருங்காட்சியகம் நிற்பது அந்த இடத்தில்தான். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஆழத்திலிருந்து பெரிய இரும்புச் சத்தம் வந்தால் மண்வெட்டியை எடுக்காமல் விலகி நின்று 999க்கு அழைப்பதுதான் புத்திசாலித்தனம்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பழம்பொருள் தேடித் தோண்ட அனுமதி வேண்டும். தற்செயலாகக் கிடைத்தாலும் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். தோட்ட நிலம் பெரும்பாலும் கம்பெனி நிலம் என்பது வேறு.

கருவி வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது, அதற்கு அனுமதியும் தேவையில்லை. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, கோயில் எங்கே, கிணறு எங்கே, பெரட்டுக்களம் எங்கே, யார் வீடு எந்த வரிசையில் என்று வரைந்து தரச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் மறக்காமல் மேலே எழுதுங்கள்.