கண்மாய் வண்டல் யாருக்கு?

திருத்தங்கல் வட்டாரத்திலே நிலம் ஏமாற்றியது. உழவன் மகன் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் கூலியானான். பழி மழை மீதா? இம்மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் பெய்கிறதே! அதைத் தேக்கக் கண்மாயில் இடமில்லை, அதுதான் சங்கதி.

சேற்றூர் முதலான ஜமீன்களை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. மகிழ்ந்தோம். ஆனால் கண்மாய்களை ஏற்ற சர்க்கார் காத்ததா? மடை தூர்ந்தது, வரத்துக்கால் மறைந்தது, சீமைக் கருவேலம் குடியேறியது.

வண்டல் குப்பையன்று, தோழர்களே! மேல்மண்ணும் இலைச்சருகும் நீரோடு வந்து படிந்த உரம். கோடையிலே வெட்டிச் செவல் புஞ்சையில் அடித்தால் மண் ஈரம் பிடிக்கும், கண்மாயும் ஆழமாகும். மண்ணுக்கு உயிரூட்டும் வேளாண்மை என்று மேல்நாட்டார் இன்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். நம் பாட்டன் மேடையில்லாமலே செய்தான்!

2017-இல் விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுக்க அரசு வழிவிட்டது. நன்று. மண் இலவசம், டிராக்டர் வாடகை இலவசமா? இரண்டு ஏக்கர்க்காரன் எங்கே போவான்? அவன் பெயரில் அனுமதிச் சீட்டு, மண்ணோ எவனோ ஒருவன் செங்கல் சூளையில் என்றாகிவிடக் கூடாது.

வெட்டுக்கூலியையும் வண்டி வாடகையையும் அரசே ஏற்கட்டும். முதல் நடை சிறு உழவனுக்கு. கோடை உழவுக்கு முன்பே தாலுகா ஆபீசில் தோழர்கள் கேட்கட்டும்: எங்கள் கண்மாயிலிருந்து இதுவரை எத்தனை நடை போயிற்று, யார் வயலுக்கு?