மாரிக் கடலும் மனித உடற்சூடும்

கிழக்கிலங்கையின் கரையோரத்திலே, மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊரும் ஊரும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. இவ்வூர்களில் வாழும் மக்களுள் ஒரு சாராருக்கு வயலே வாழ்வு. மற்றொரு சாராருக்குக் கடலே வாழ்வு. சுபஹ் தொழுகைக்கான அழைப்பு எழுமுன்பே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு அலையைக் கடப்பவர் பலர். பெரிய இயந்திரப் படகுகளில் பல நாட் பயணம் செல்வோர் ஒருபுறமிருக்க, தோணியிலும் தெப்பத்திலும் சிறு வள்ளத்திலும் தனியாகவோ இருவராகவோ சென்று தூண்டிலிடுவோரும் வலை வீசுவோரும் இக்கரையிலே உள்ளனர். இத்தகைய சிறுகலத்தோரை நோக்கிக் கடற்குளிரின் ஆபத்தைப் பற்றிப் பேசினால், அவர்கள் முதலிற் புன்னகை செய்வார்கள். "பனிக்கடலுக்கு அது பொருந்தும், நம்முடைய கடல் வெதுவெதுப்பான கடலாயிற்றே!" என்பார்கள். இக்கூற்றிலே பாதி உண்மை இருக்கின்றது. மறுபாதியிலே ஆபத்து இருக்கின்றது.

குளிர்நீரிற் சிறுகலம் செலுத்துவதில் உலகத்துக்கே ஆசான்களாய் விளங்கியவர்கள் கிறீன்லாந்து முதலிய பனிநாடுகளில் வாழும் இனுயிட் மக்களாவர். இன்று அறுகம்குடா, பொத்துவில் பக்கங்களில் உல்லாசப் பயணிகள் துடுப்பு வலித்துச் செல்லும் கயாக் என்னும் குறுந்தோணி, அம்மக்களின் வேட்டைக் கலத்திலிருந்து பிறந்ததே. சட்டத்தின் மீது கடல்நாயின் தோலைப் போர்த்து, மேற்புறத்தையும் மூடி, ஒருவர் அமர்வதற்கு ஒரு துவாரம் மாத்திரம் விட்டு அதனை அமைத்தார்கள். தோல் அங்கியின் ஓரத்தை அத்துவாரத்தின் விளிம்போடு இறுக்கிக் கட்டிவிட்டால் நீர் உட்புகாது. கலம் கவிழ்ந்தாலும், அதனை விட்டு வெளியேறாமலே துடுப்பினால் உந்தி நிமிர்ந்துவிடும் வித்தையை அவர்கள் பயின்றிருந்தார்கள். கலத்தைப் பிரிந்து நீரில் விழுந்தவன் மீள்வதரிது என்ற அறிவே அவ்வித்தைக்குத் தாயாகும்.

நம் முன்னோர் கண்ட வழி வேறு. மரங்களை இணைத்துக் கட்டிய தெப்பமும் கட்டுமரமும் நீரை வெளியே நிறுத்த முயல்வதில்லை. அலை மேலேறி வழிந்தோடிவிடும், மரமோ மிதந்துகொண்டேயிருக்கும். கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்திலும் புகுந்து உலகமெங்கும் வழங்குவது யாவரும் அறிந்ததே. ஆயினும் இக்கலத்திற் செல்பவன் புறப்பட்ட கணத்திலிருந்து கரைசேரும் வரை நனைந்தே இருக்கின்றான். வெப்பக் கடலாதலால் அது அவனுக்குப் பொறுக்கக் கூடியதாயிற்று. பொறுக்கக் கூடியது என்பதற்கும் தீங்கற்றது என்பதற்கும் வேறுபாடு உண்டு.

மனித உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ். அது 35 பாகைக்குக் கீழே இறங்குமாயின், மருத்துவர் அதனை ஆபத்தான உடற்குளிர்ச்சி என்று கொள்வர். மாரி காலத்தில் கிழக்குக் கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26 முதல் 28 பாகை வரை இருக்கும். இது பனிக்கடல் அன்று என்பது உண்மை. ஆனால் உடலைவிட ஒன்பது, பத்துப் பாகை தாழ்ந்தது என்பதும் உண்மையே. நீரானது காற்றைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்த வல்லது. ஆகையால், 27 பாகைக் காற்றிலே சுகமாக உறங்கும் ஒருவன், அதே 27 பாகை நீரிலே கிடப்பானாயின் மணிக்கு மணி தன் உடற்சூட்டை இழந்துகொண்டிருப்பான்.

கடுங்குளிர் நீரில் நிகழ்வது வேறு. அங்கே விழுந்தவனுக்கு முதல் ஓரிரு நிமிடங்களில் மூச்சுத் திணறி வாய் தானே திறந்துகொள்ளும். அவ்வேளை தலை நீருக்குள் இருந்தால் அதுவே முடிவு. அதைக் கடந்தவனுக்குப் பத்து இருபது நிமிடங்களில் கைகால் வலுவிழக்கும். வல்ல நீச்சற்காரனும் நீந்த இயலாதவனாவான். உள்வெப்பம் இறங்கி அறிவு மயங்குவது அதன் பின்னரே. 1912ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, அங்கு கடல்நீர் உறைநிலைக்கும் கீழே, ஏறத்தாழ மறை 2 பாகையில் இருந்தது. உயிர்காப்பு அங்கி அணிந்து மிதந்தவர்களிற் பலர் நீரிலே அமிழாமலே குளிரினால் மாண்டனர்.

கல்முனைக் கடலிலே இந்நாடகம் மிக மெதுவாக நடைபெறுகின்றது. மூச்சுத் திணறல் இல்லை. உடனடி விறைப்பு இல்லை. இங்கே கடல் கொல்வது கணத்தாலன்று, காலத்தாலாகும். இரவெல்லாம் வலையிழுத்துக் களைத்தவன், உண்ணாதவன், மெலிந்தவன் ஆகியோர் விரைவிலே சூடிழப்பர். நனைந்த சட்டையோடு வாடைக்காற்றில் அமர்ந்திருப்பவன் நீரில் விழாமலே குளிர்ந்துபோவான். மண்பானையின் புறத்தே கசியும் ஈரம் காற்றில் உலர்ந்து உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பது போலவே, அவனுடைய உடலும் குளிர்விக்கப்படுகின்றது. முதலில் நடுக்கம் தோன்றும், பின்னர் விரல்கள் முடிச்சவிழ்க்க மறுக்கும், பேச்சுக் குழறும், தீர்மானம் பிழைக்கும். பிழைபட்ட தீர்மானமே பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோகின்றது.

காற்றின் திசையும் கவனிக்கத் தக்கது. மாரியிலே வாடை கடலிலிருந்து வந்து கரையை மோதும். அலையின் சீற்றம் கண்ணுக்குத் தெரியும். ஆகவே எவரும் எச்சரிக்கையாயிருப்பர். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை இக்கரை மறக்கவில்லை. ஆனால் கச்சான் காற்றோ தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. கரையோரத்தில் நீர் தட்டையாய், அமைதியாய்க் காணப்படும். சற்றுத் தொலைவு சென்றதும் அலை வளரும். திரும்பி வலிக்க முயன்றால் காற்று எதிர்த்து நிற்கும். துடுப்பை மாத்திரம் நம்பிய சிறுகலத்துக்கு அமைதியான இக்கடலே கொடியது.

இனி, செய்யத்தக்கவை யாவை? முதலாவது, உயிர்காப்பு அங்கி. அது கலத்தின் மூலையிற் கிடப்பதற்கன்று, உடலில் இருப்பதற்காகும். கவிழ்ந்த பின்னர், அலைக்கு நடுவே அதனைத் தேடியெடுத்து அணிந்து முடிப்பது மிகக் கடினம். வெக்கையாயிருக்கின்றது, வலையிழுக்க இடைஞ்சல் என்பன வழக்கமான மறுப்புகள். கை வீச இடம் விட்டு அமைந்த மெல்லிய அங்கிகள் இன்று கிடைக்கின்றன. மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்திக் கலன்களைக் கலத்தின் உட்புறத்திற் கட்டிவைத்தால், நீர் நிறைந்தாலும் கலம் தாழாது. நனைந்த சாரன் காலைப் பின்னும். ஆதலால் காற்சட்டையே தகும். ஊதுகுழல், கைவிளக்கு, பளிச்சென்ற நிறமுடைய துணி, நீர்புகா உறையிலிட்ட தொலைபேசி, குடிநீர் ஆகியவை உடலோடோ கலத்தோடோ கட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, கவிழ்ந்த கலத்தை விட்டகலாமை. கரை விளக்குகள் அருகே இருப்பது போலத் தோன்றும். கடலில் தூரத்தைக் கண் குறைத்தே காட்டும். நீந்தத் தொடங்கியவன் உடற்சூட்டையும் வலுவையும் ஒருங்கே செலவிடுகின்றான். கவிழ்ந்த கலமோ தேடுவோர் கண்ணுக்கு எளிதிற் புலப்படும். ஒற்றைத் தலை புலப்படாது. இயன்றால் கலத்தின் முதுகிலே ஏறி உடலை நீருக்கு மேலே உயர்த்த வேண்டும். இயலாதாயின், அங்கி அணிந்தவன் முழங்காலை மார்போடணைத்துக் கைகளைக் கட்டிக்கொண்டு அசையாதிருக்க, சூடு வெளியேறுவது குறையும். இருவர் மூவராயின் நெருங்கி அணைந்திருத்தல் நன்று. எத்துணைத் தாகமெடுப்பினும் கடல்நீரை அருந்தலாகாது. இரண்டாம் உலகப் போரில் கப்பலிழந்து மீட்புப் படகுகளில் மிதந்தோரைப் பற்றிப் பிரித்தானியர் ஆராய்ந்தபோது, கடல்நீர் குடித்தோர் இருந்த படகுகளில் மரண வீதம் மற்றப் படகுகளைவிடப் பன்மடங்காயிருந்தது.

மூன்றாவது, கரையில் இருப்போரின் கடமை. எவர் சென்றார், எத்திசை சென்றார், எப்பொழுது திரும்புவார் என்பதை வீட்டில் ஒருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும். இதன் பெறுமதியைக் கணக்கே காட்டும். ஒரு கலம் மணிக்கு 2 கிலோமீற்றர் வீதம் அலைக்கழிக்கப்படுவதாகக் கொள்வோம். திசை தெரியாதபோது, மூன்று மணி நேரத்தின் பின் தேட வேண்டிய பரப்பு ஏறக்குறைய 113 சதுர கிலோமீற்றர். ஆறு மணி நேரத்தின் பின்னரோ அது 452 சதுர கிலோமீற்றராகும். காலம் இருமடங்காகப் பரப்பு நான்கு மடங்காகின்றது. "இன்னுஞ் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்" என்று கரையிலே கழிக்கும் ஒவ்வொரு மணியும், நீரிலே கிடப்பவனின் உடற்சூட்டிலிருந்து கழிக்கப்படுகின்றது. குறித்த நேரம் கடந்தவுடனே கடற்படைக்கும் கரையோரப் பாதுகாப்புப் படைக்கும் அறிவித்தல் வெட்கப்பட வேண்டிய காரியமன்று. புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் முன்னறிவிப்பைக் கேட்பதும் அவ்வாறே. தொழுகைக்கு அழைக்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி, காற்றெச்சரிக்கையையும் கரை முழுவதற்கும் எடுத்துரைக்க வல்லது.

மீட்கப்பட்டவனைப் பேணுதலிலும் ஒரு முறை உண்டு. அவனைக் கூடியமட்டும் கிடைநிலையிலே தூக்க வேண்டும்; நீண்ட நேரம் நீரில் கிடந்தவனைத் திடீரென நிமிர்த்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து மயங்கக்கூடும். ஈர உடையைக் களைந்து, துடைத்து, காற்றுப்படாமல் போர்த்துதல் வேண்டும். கைகாலை அழுத்தித் தேய்த்தலும் நெருப்பருகே இருத்துதலும் கூடா. அறிவு தெளிவாக இருப்பின் இனிப்பான இளஞ்சூட்டுத் தேநீர் கொடுக்கலாம். மயங்கியவன் வாயில் எதையும் வார்த்தலாகாது. மூச்சற்றவனைத் தலைகீழாகத் தூக்கி வயிற்றை அழுத்தும் பழைய வழக்கம் பயனற்றது. உடனே வாயோடு வாய் வைத்து மூச்சளித்து, மார்பை அழுத்தி, வைத்தியசாலைக்கு எடுத்துச்செல்லல் வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையின் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அத்தகைய பேரழிவின் முன் தனிமனிதனால் ஆவது சிறிதே. ஆனால் சிறுகலம் கவிழ்ந்து ஒருவன் நீரிற் கிடப்பது அத்தகையதன்று. அவனுக்கும் மரணத்துக்குமிடையே இருப்பவை சில மணி நேரங்கள். அணிந்த அங்கி அந்நேரத்தை நீட்டுகின்றது. விடாது பற்றிய கலம் அதனை நீட்டுகின்றது. கரையில் விழித்திருக்கும் ஒருவர் தேடலை விரைவுபடுத்துகின்றார். இவற்றுள் எதுவும் பெருஞ் செல்வம் வேண்டுவதன்று. நம்முடைய கடல் வெதுவெதுப்பானது என்ற எண்ணத்தைச் சற்றே திருத்திக்கொண்டு, நம் உடல் அதனினும் வெப்பமானது என்பதை நினைவிற் கொள்ளுதலே முதற் படியாகும்.