இருமல் மருந்து பாட்டிலை ஏன் தூக்கி எறியக் கூடாது?

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், சளி, காய்ச்சல் என்று டாக்டரிடம் காட்டப்பட்ட குழந்தைகளுக்குச் சில நாளில் சிறுநீர் பிரிவது நின்றது. பலரை நாக்பூர் மருத்துவமனைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்தின் பெயர் கோல்ட்ரிஃப். தயாரித்த இடம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரம், ஸ்ரீசன் பார்மா என்ற சிறிய ஆலை.

அக்டோபர் 1ஆம் தேதி தகவல் வந்ததும் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலைக்குப் போய் மாதிரி எடுத்தது. மறுநாளே முடிவு தெரிந்துவிட்டது: எஸ்ஆர்-13 என்ற பேட்சில் டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். இருக்கலாம் என்று விதி அனுமதிக்கும் உச்ச அளவு 0.1 சதவீதம். இதைக் கலப்படம் என்று சொல்லவே நாக்கு கூசுகிறது. பாட்டிலில் கிட்டத்தட்ட பாதி விஷம்.

டை எத்திலீன் கிளைக்கால் நிறமற்றது, இனிப்பானது, மலிவானது. பிரேக் ஆயில், பிசின் போன்றவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளுக்கு அது தேவை. மருந்துக்கு எந்தத் தேவையும் இல்லை. பாரசிட்டமால் போன்ற மருந்துகளைக் கரைத்துத் திரவமாக்கப் பயன்படுவது புரொப்பிலீன் கிளைக்கால். அதில் மருந்துத் தரத்துக்கு ஒரு விலை, தொழிற்சாலைத் தரத்துக்கு ஒரு விலை. விலை குறைந்ததை வாங்கி, சோதிக்காமல் கொப்பரையில் ஊற்றினால் அதோடு விஷமும் சேர்ந்து வரும். ஸ்ரீசன் ஆலையில் மருந்துத் தரமில்லாத புரொப்பிலீன் கிளைக்கால் பயன்பட்டதாகத் தமிழக ஆய்வாளர்களின் அறிக்கை சொன்னது. உடலுக்குள் போன விஷம் கல்லீரலில் டைகிளைக்காலிக் அமிலமாக மாறி சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அழிக்கிறது. முதலில் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். பிறகு சிறுநீர் குறைந்து நின்றுவிடும். அதன்பின் நினைவு தப்பும். முதல் கட்டத்தில் இதைச் சாதாரண காய்ச்சலின் தொடர்ச்சி என்றே யாரும் நினைப்பார்கள்.

இது புதிய விஷமும் அல்ல. 1937இல் அமெரிக்காவில் இதே வேதிப்பொருளில் கரைத்த சல்பா மருந்து நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது; மறுவருடம் அந்த நாட்டில் மருந்துச் சட்டமே மாறியது. நம்மிடமும் பட்டியல் நீளம். 1970களின் தொடக்கத்தில் சென்னையில் குழந்தைகள், 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள், 1998இல் குர்கானில் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள், 2020ஐ ஒட்டி ஜம்முவின் ராம்நகரில் குழந்தைகள். 2022இல் காம்பியாவில் சுமார் எழுபது குழந்தைகள் இறந்தபோது இந்தியாவில் தயாரான சிரப்புகள் மீது உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது. அதன் பிறகு 2023 ஜூன் முதல், வெளிநாட்டுக்குப் போகும் இருமல் சிரப் ஒவ்வொன்றும் அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் தேறினால்தான் கப்பல் ஏறலாம் என்று இந்திய அரசு விதி போட்டது. உள்ளூர்க் கடைக்கு வரும் சிரப்புக்கு அப்போது அப்படியொரு கட்டாயம் வரவில்லை. வாங்குகிற வெளிநாடு கேள்வி கேட்டது, விதி வந்தது. நம் குழந்தைகளுக்காகக் கேட்க ஆள் இல்லை. சோதனையை ஆலையே செய்துகொள்ளும், அரசு எப்போதாவது ஒரு மாதிரியை எடுத்துப் பார்க்கும். ஒரே நாளில் விஷத்தைக் கண்டுபிடித்த தமிழகத் துறையைப் பாராட்டலாம். ஆனால் அதே ஆய்வில் அந்த ஆலையில் 350க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் கண்ணில் பட்டன. அவை ஒரே இரவில் முளைத்தவையா? உரிமம் ரத்தானது அக்டோபர் நடுவில்தான். உரிமையாளர் கைதாகி வழக்கு நடக்கிறது.

விஷத்தைப் பெற்றோர் மோந்தோ நக்கியோ கண்டுபிடிக்க முடியாது. நம் கையில் இருப்பது வேறு.

முதலாவது, மருந்தே வேண்டாம் என்கிற துணிச்சல். சிறு குழந்தைகளின் இருமல், சளியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, தானாகவே அடங்கும். கோல்ட்ரிஃப்பில் இருந்த குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. லேபிளிலும் அச்சிடச் சொன்னது. சிந்த்வாரா சம்பவத்துக்குப் பிறகு மத்திய சுகாதார இயக்குநரகம் இன்னும் அழுத்திச் சொன்னது: இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை. "சிரப் எழுதித் தரலையா?" என்று டாக்டரை நச்சரிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. எழுதித் தராத டாக்டர்தான் நல்ல டாக்டர். வெந்நீர், தாய்ப்பால், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு. ஒரு வயது தாண்டியிருந்தால் கொஞ்சம் தேன். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. மூச்சு வேகமாகி விலா உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அடுத்தது பில். டாக்டர் எழுதியே தீருவார் என்றால், மருந்துக்கடையில் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். "சின்ன மருந்துக்கு எதுக்கு பில்?" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும். 1937இல் அமெரிக்க அதிகாரிகள் அந்த விஷ மருந்தைத் தேடி ஊர் ஊராக அலைந்தபோது அவர்களுக்குக் கைகொடுத்தவை விற்பனைக் கணக்கும் மருந்துச் சீட்டும்தான். தயாரான 240 காலனில் பெரும்பகுதியை அதனால்தான் மீட்டார்கள். சிந்த்வாராவில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பாட்டிலைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. மருந்தைத் திரும்பப் பெறும்படி அரசு உத்தரவிட்டாலும், யார் வீட்டுக்குப் போனது என்று தெரியாவிட்டால் அந்த உத்தரவு கடை அலமாரியோடு நின்றுவிடும்.

குழந்தை குடித்து முடித்த பிறகும் பாட்டிலை உடனே எறியாதீர்கள். அடியில் கொஞ்சம் மருந்தோடு மூடி, உயரமான இடத்தில் சில வாரம் இருக்கட்டும். லேபிளை போனில் படம் எடுத்துவைத்தால் போதும் என்று நினைக்கலாம். ஆனால் ஆய்வகத்துக்குப் படம் உதவாது, திரவம்தான் வேண்டும். சிரப் கொடுத்த பிறகு குழந்தை வாந்தி எடுத்து, ஆறு, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல், அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். இந்த விஷத்துக்கு முறிவு மருந்து உண்டு. நேரம் கடந்தால் பலன் குறையும்.

சட்டத்தில் அதிகம் பேர் பார்க்காத ஒரு கதவு இருக்கிறது. 1940 மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவு. தான் வாங்கிய மருந்தை எந்தக் குடிமகனும், அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் சங்கமும், குறித்த கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். கையெழுத்திட்ட அறிக்கையை வாங்கலாம். மருந்து ஆய்வாளர் மனது வைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 32ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: பாதிக்கப்பட்டவரே குற்ற வழக்குத் தொடரலாம். உயிரைப் பறிக்கக்கூடிய கலப்பட மருந்தைத் தயாரித்தாலோ விற்றாலோ 27ஆம் பிரிவின்படி பத்து ஆண்டுகளுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை நீளலாம். அபராதம் பத்து லட்சத்துக்குக் குறையாது. அந்த அபராதம் வசூலானால் அரசுக் கருவூலத்துக்குப் போகாது. மருந்தை உட்கொண்டவருக்கு, அவர் இறந்திருந்தால் உறவினருக்கு, இழப்பீடாகத் தரப்பட வேண்டும்.

உயிருக்கு ஆபத்தில்லாத பக்கவிளைவு என்றாலும் விட்டுவிடாதீர்கள். காஸியாபாத்தில் உள்ள தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களும் புகார் சொல்லலாம். நுகர்வோருக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. ஒரே பேட்சைப் பற்றி நாலு ஊரிலிருந்து நாலு புகார் சேர்ந்தால் அங்கே யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம். குறைபாடுள்ள பொருளால் வரும் பாதிப்புக்குத் தயாரிப்பாளரும் குறிப்பிட்ட சூழ்நிலைகளில் விற்பவரும் பொறுப்பு என்று 2019 சட்டம் தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. ஆலை எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். எந்த ஆணையம் விசாரிக்கும் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து முடிவாவதில்லை, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்து முடிவாகிறது. நூறு ரூபாய் சிரப் என்றால் மாவட்ட ஆணையம்தான், மனுவுக்குக் கட்டணமும் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பாதிப்பு ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். மனுவோடு பில், டாக்டர் சீட்டு, மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கம், முடிந்தால் 26ஆம் பிரிவில் வாங்கிய ஆய்வறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள்; அசலைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.