மூப்புக்கு இடமில்லாத மாய உலகம்

மாய உலகக் கதைகளை அடிப்படையாகக் கொண்ட கணினி விளையாட்டுகளில், வாளை எடுப்பதற்கு முன்பே ஒரு வேலை காத்திருக்கிறது. விளையாடுபவர் தம் உருவத்தைத் தாமே படைத்துக்கொள்ள வேண்டும். குலம், நிறம், தலைமுடி, மூக்கின் அகலம், தாடையின் கூர்மை என ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர்த்துபட்டை இருக்கும். அதை இடமும் வலமும் தள்ளத் தள்ளத் திரையில் உள்ள முகம் மாறும். கதைக்குள் நுழையும் முன் இதிலேயே ஒரு மணி நேரத்தைக் கழிப்பவர்கள் உண்டு. பருவமழை நாள்கணக்கில் வீட்டுக்குள் முடக்கிவிடும் உதகை, குன்னூர் பகுதிகளின் இளைஞர்களுக்கும் இது பழகிய திரைதான்.

அந்தத் திரையில் முதலில் வந்து நிற்கும் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இருக்கும். எதையும் மாற்றாமல் உள்ளே சென்றால் அந்த இளமையுடன்தான் செல்ல வேண்டும். இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் தாயான 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விதிநூலின்படி, எல்ஃப் குலத்தவர் 750 ஆண்டுகள் வரை வாழ்வர்; நூறு வயதை ஒட்டித்தான் பெரியவர்களாக எண்ணப்படுவர். ஆனால் முந்நூறு வயது எல்ஃபின் முகத்தில் கல்லூரி மாணவியின் முகத்தில் இருப்பதைவிட ஒரு கோடுகூட அதிகம் இராது. வயதின் பெருமையைக் கதை எடுத்துக்கொள்கிறது. அடையாளத்தை ஓவியர் அழித்துவிடுகிறார்.

இதற்கு ரசனை மட்டும் காரணமன்று; தொழில்நுட்பமும் காரணம். விளையாட்டின் பாத்திரங்கள் அனைத்தும் பொதுவான எலும்புக்கூடு ஒன்றின் மீது கட்டப்படுகின்றன. நடை, ஓட்டம், தாவல், வாள்வீச்சு எல்லாம் அதற்கென வரையப்பட்டவை. கவசமும் காலணியும் அதன் அளவுக்கே தைக்கப்பட்டவை. முதுகு சற்று வளைந்த ஒரு கிழவியை உள்ளே விட்டால், நூற்றுக்கணக்கான உடைகளையும் அசைவுகளையும் அவளுக்காக மறுபடி சரிசெய்ய வேண்டும். எனவே மூப்பு என்பது முகத்தோலின் மீது ஒட்டப்படும் சுருக்கப் படலமாகவும், நரைமுடியாகவும் சுருங்கிவிடுகிறது. எழுபது வயது முகம் முப்பது வயதுக் கழுத்தின் மீது அமர்ந்திருக்கும். கைகளோ விளையாட்டு வீரனுடையவை.

2006-இல் வந்த 'ஒப்ளிவியன்' விளையாட்டில் வயதுக்கெனவே ஒரு நகர்த்துபட்டை இருந்தது. அது 'ஃபேஸ்ஜென்' என்னும் மென்பொருளைப் பயன்படுத்தியது. உண்மையான மனிதர் பலரின் முகங்களை முப்பரிமாணத்தில் பதிவு செய்து, வயது ஏற ஏற முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கணக்கிட்டு, அந்த மாற்றத்தையே ஒரு கோடாக்கித் தருவது அதன் முறை. அதே வரிசையில் 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டில், முதியோர் என்பதே ஒரு தனி இனம். மலை உச்சியில் தவமிருப்போரும் ஊர்ப் பெரியவர்களும் கதையில் உண்டு; விளையாடுபவர் தேர்வு செய்யும் பட்டியலில் மட்டும் அந்த இனம் இல்லை. வரிசையின் பொதுப்பெயரிலேயே 'எல்டர்', அதாவது மூத்தது என்னும் சொல் இருப்பது ஒரு வேடிக்கை.

நிலைமை சற்று மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2022-இல் வெளியான 'எல்டன் ரிங்', இளமை, முதிர்ச்சி, முதுமை என மூன்று நிலைகளைத் தருகிறது. குரலிலும் அவ்வேறுபாடு உண்டு. 2023-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' முகத்தில் முதிர்ச்சியைக் கூட்டவும், வெண்புள்ளிகளைச் சேர்க்கவும் இடமளிக்கிறது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் கிழவனாகச் சென்றாலும் குமரனாகச் சென்றாலும் கதையில் ஒருவரும் அதைக் கவனிப்பதில்லை. மூத்தவர் என்று எழுந்து இடம் விடுபவரும் இல்லை. உன்னால் முடியுமா என்று நகைப்பவரும் இல்லை.

முன்பு அப்படி இருக்கவில்லை. 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விதிநூலின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் வயதுக்கு விலையும் உண்டு, வரவும் உண்டு. நடுவயதைத் தாண்டியதும் உடல் சார்ந்த மூன்று திறன்களிலும் புள்ளிகள் குறையத் தொடங்கும். தள்ளாத வயதில் மொத்தக் குறைவு ஒவ்வொன்றிலும் ஆறாகும். அதேவேளையில் அறிவு, விவேகம், ஆளுமை ஆகியவை ஒவ்வொன்றும் மூன்று புள்ளிகள் கூடியிருக்கும். இந்தக் கணக்கு முரட்டுத்தனமானதுதான். கிழவராகத் தொடங்கி மந்திரவாதியாகிக் குறுக்கு வழியில் புள்ளி சேர்த்தோரும் உண்டு. பின்வந்த பதிப்புகளில் இக்கணக்கு கைவிடப்பட்டது. வயதால் யாரும் தண்டிக்கப்படக் கூடாது என்னும் நோக்கம் நல்லதே. ஆனால் அதனுடன் வயதுக்கு ஒரு பொருள் உண்டு என்பதும் சேர்ந்தே நீங்கிவிட்டது.

இளமைத் தோற்றத்துக்கு இன்னொரு விளிம்பும் இருக்கிறது. பெற்றோர் அறிய வேண்டியது அது. தென்கொரியாவின் புளூஹோல் நிறுவனம் 2011-இல் தன் நாட்டில் வெளியிட்ட 'டெரா' என்னும் விளையாட்டில் 'எலின்' என்றொரு குலம் இருந்தது. கதைப்படி அவர்கள் குழந்தைகள் அல்லர், தோற்றமோ சிறுமியருடையது, உடையோ பெரியவர்களின் கண்ணுக்கென வடிவமைக்கப்பட்டது. மறு ஆண்டு மேலைநாடுகளுக்குச் சென்றபோது, எதிர்ப்பை எதிர்பார்த்து அவ்வுடைகளை மாற்ற வேண்டியதாயிற்று. 'அவளுக்கு வயது ஐந்நூறு' என்ற ஒற்றை வரி விளக்கம் இத்தகைய இடங்களில் எப்போதும் தயாராக இருக்கும். பார்ப்பவர் கண்ணில் படுவது உருவமே தவிர, கதைக் குறிப்பு அன்று. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் எண்மப் படங்களைக் குற்றமாக்கியுள்ளது. அந்தப் புளூஹோல் வழிவந்த கிராஃப்டான் நிறுவனம்தான் இன்று நம் பிள்ளைகள் ஆடும் 'பிஜிஎம்ஐ' விளையாட்டை வழங்குகிறது. அது வேறு வகை விளையாட்டு. ஆனால் இத்துறை நமக்குத் தொலைவானதன்று என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.

தமிழ் மரபும் இளமையை விரும்பிய மரபே. உலா இலக்கியம் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பிரித்தது. பேதைக்கு ஐந்து வயது முதல் ஏழு வரை. அங்கிருந்து பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை எனச் சென்று, பேரிளம்பெண்ணுடன் நாற்பதில் கணக்கு முடிந்துவிடுகிறது. நாற்பதுக்குப் பின் வருபவளுக்கு அந்தப் பட்டியலில் பெயரே இல்லை. இன்றைய விளையாட்டுத் திரையை ஒட்டக்கூத்தர் காலத்துக் கவிஞர்கள் கண்டிருந்தால் பெரிதாக வியந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இதே மரபில்தான் எதிர்த்திசையில் நகர்த்துபட்டையைத் தள்ளிய இரு பெண்களும் இருக்கிறார்கள். மணம் பேசப்பட்டபோது விநாயகரை வேண்டி, இளமையிலேயே முதுமை உருவைப் பெற்றார் ஔவை என்பது வழிவழிக் கதை. சங்க கால ஔவை வேறு, ஆத்திசூடி ஔவை வேறு என்பர் ஆய்வாளர். மக்கள் மனத்தில் அனைவரும் ஒரே கிழவிதான். அந்த உருவம் அவருக்கு எதைக் கொடுத்தது? தனியே நாடெங்கும் நடக்கும் உரிமையை, அரசன் அவையில் தயங்காமல் பேசும் உரிமையை. காரைக்கால் அம்மையாரோ இன்னும் ஒருபடி மேலே சென்று, அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றதாகப் பெரியபுராணம் கூறுகிறது. 1953-இல் வெளிவந்த 'ஔவையார்' படத்தின் நாயகி கே.பி.சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 44. மூதாட்டியைத் தலைமைப் பாத்திரமாக்கிய படத்தைத் தமிழ்நாடு கொண்டாடியது.

நீலகிரியில் இதற்கு இன்னும் நெருங்கிய சான்று இருக்கிறது. படகர் மக்களின் தலையாய தெய்வம் ஹெத்தை. படகர் மொழியில் அச்சொல்லுக்குப் பாட்டி, மூதாட்டி என்று பொருள். ஹெத்தையைப் பற்றிய கதைகள் ஊருக்கு ஊர் மாறும்; பெயர் மட்டும் மாறுவதில்லை. மார்கழி, தை மாதங்களை ஒட்டிக் கோத்தகிரி அருகே உள்ள பேரகணியில் நடைபெறும் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு, வெள்ளுடை அணிந்து ஹட்டி ஹட்டியாக மக்கள் திரள்கின்றனர். மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறையும் விடப்படுகிறது. பசுந்தேயிலை விலை வீழ்ந்த பிறகு வேலை தேடிக் கோவைக்கும் பெங்களூருக்கும் சென்ற இளைஞர்களும் அந்நாளில் மலையேறி வருவார்கள். ஆண்டின் மற்ற நாள்களில் கைப்பேசித் திரையில் இருபது வயது வீரர்களாக உலவும் அவர்களை ஊருக்கு அழைத்து வருவது ஒரு பாட்டியின் பெயர்.

இம்மலையில் மூப்பு எப்படியெல்லாம் உடலில் எழுதப்படுகிறது என்பதையும் எந்த நகர்த்துபட்டையும் அறியாது. 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் மறுவாழ்வுக்காக, 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இங்கே உருவாக்கப்பட்டன. அங்கே கொழுந்து பறித்து மூத்த பெண்ணின் விரல்களில் தேயிலைக் கறை இருக்கும். தோளில் சுமையின் பழக்கம் இருக்கும். ஓய்வு பெறும் நாளில் லைன் வீட்டையும் விட வேண்டுமே என்ற கவலை இருக்கும். தோதவர் மூதாட்டியோ வரைபடம் ஏதுமின்றி, நூலிழைகளை விரலால் எண்ணியே பூத்தையல் இடுவார். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. விளையாட்டின் மொழியில் சொன்னால், இவை வயது ஏற ஏறக் கூடும் திறன்கள்.

மூப்புக்கு விளையாட்டுகள் தாராளமாகத் தரும் ஒரே வேடம் மந்திரவாதி. நீலகிரியைக் களமாக்கி விளையாட்டு செய்ய விரும்புவோர் இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குறும்பர் மக்களை மந்திரவாதிகள் என்று அண்டை மக்கள் அஞ்சியதும், அந்தச் சந்தேகத்தினாலேயே 19-ஆம் நூற்றாண்டில் குறும்பர்கள் கொல்லப்பட்டதும் வரலாறு. வேறெங்கோ பொழுதுபோக்காக இருக்கும் ஒரு பாத்திர வகை, இம்மலையில் ஒருவருடைய பாட்டனின் சாவாக இருக்கலாம்.

நம்மவர்க்கு இது முடியாத வேலையும் அன்று. புணேயில் உருவாகி 2020-இல் வந்த 'ராஜி', இந்தியத் தொன்மங்களை மாய உலகமாக்கியது, நாயகி இளம்பெண். கனடாவின் டொராண்டோ நகரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றி 2023-இல் வந்த 'வெண்பா', மாய உலகக் கதை அன்று, சமையலைப் பற்றியது. 1988-இல் இளம் மனைவியாகத் தொடங்கும் வெண்பா, மகன் வளர வளரத் தானும் மூத்துக்கொண்டே போகிறாள். அவளுக்கு வயதாவது ஓர் அலங்காரமாக இல்லை, கதையாகவே இருக்கிறது. ஒரே உருவத்தை நூறு உடைகளில் விற்கும் பெருநிறுவனங்களுக்கு இது கடினமாக இருக்கலாம். பாத்திரங்கள் குறைவாக உள்ள சிறு குழுவுக்கு எளிது.

அப்படி ஒரு குழு நாளை இம்மலைக்கு வந்து, மூத்தோர் முகங்களைப் பதிவு செய்ய விரும்பலாம். கைப்பேசியைக் கொண்டே முப்பரிமாணப் பதிவு எடுக்கக்கூடிய காலம் இது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோல்களுடன் இங்கு வந்து தோதவர் உள்ளிட்டோரின் தலையையும் மூக்கையும் அளந்து சென்றவர். 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில் அவ்வளவுகள் இன்றும் இருக்கின்றன. அளக்கப்பட்டவர்களிடம் அவை எதற்கென்று யாரும் விளக்கியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. இம்முறை முகம் எதற்குப் பயன்படும், எத்தனை ஆண்டுகளுக்கு, என்ன ஊதியத்துக்கு, பிடிக்காவிட்டால் எப்படித் திரும்பப் பெறுவது என்பதெல்லாம் அவரவர் மொழியில் படித்துக் காட்டப்பட்ட பிறகே பதிவுக் கருவியை எடுக்க வேண்டும்.