நினைவு மறைந்தால் 'நான்' மறையுமோ?

'நான்' என்று ஒருவன் தன்னைச் சுட்டும்போது எதைச் சுட்டுகிறான்? உடலை எனில், குழந்தைப் பருவத்து உடல் இன்று இல்லை. ஆயினும் 'அன்று விளையாடிய நானே இன்று மூப்பெய்தினேன்' என்றே அவன் உணர்கிறான். நினைவே 'நான்' என்பாரும் உளர். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக், 1694இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், ஒருவன் முன்னிருந்தவனே என்பதற்கு உணர்வின் தொடர்ச்சியையே அடிப்படையாக்கினார். அவ்வாறாயின், முதுமை மறதியால் பெற்ற மக்களையும் அறியாது, நாள்தோறும் அநுஸந்தித்த திருமந்திரத்தையும் மறந்து கிடக்கும் பாகவதர் யார்? இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. பெரியோரைப் பேணுவார் நெஞ்சை வருத்துவது.

ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் எம்பெருமானார், 'அஹம்' என்னும் சொல்லின் பொருள் ஆத்மாவே என்று ஸ்தாபித்தருளினார். உடலை 'நான்' என மயங்கும் அஹங்காரம் வேறு. தனக்குத் தானே தோன்றும் 'நான்' வேறு. உறங்கி எழுந்தவன் 'சுகமாக உறங்கினேன்' என்கிறான். புறப்பொருள் எதையும் அறியாத அந்நிலையிலும் 'நான்' அற்றுப்போகவில்லை என்பதற்கு இவ்வநுபவமே சான்று. மோக்ஷத்தில் 'நான்' அழியுமெனில், அதைக் கேட்டவன் மோக்ஷப் பேச்சு நிகழும் இடத்தை விட்டே அகல்வான் என்றும் அங்குக் காட்டப்பட்டுள்ளது.

ஆத்மஸ்வரூபமான தர்மிஜ்ஞானம் ஒன்று; அதைப் பற்றிநின்று பொருள்களை விளக்கும் தர்மபூதஜ்ஞானம் மற்றொன்று. பின்னது கர்மத்தால் சுருங்கவும் விரியவும் கூடும். நினைவும் மறதியும் அதன் நிலைகளே. ஆகவே மறதியுற்றவர்க்குச் சுருங்கியது தர்மபூதஜ்ஞானமேயன்றி ஸ்வரூபமன்று. விளக்கைச் சுற்றித் திரையிட்டால் ஒளி பரவாதொழியும், சுடர் அணையாது.

இனி, ஆத்மாவுக்கு முக்கிய அடையாளம் அறிவோ, சேஷத்வமோ? இதனைத் தெளிய எம்பெருமானார் கூரத்தாழ்வானைத் திருக்கோட்டியூர் நம்பியிடம் அனுப்பினார் என்றும், ஆழ்வான் ஆறு மாதம் அவருக்குத் தொண்டு செய்து விடை பெற்றார் என்றும் ஐதிஹ்யம். நம்பி காட்டியது திருவாய்மொழி எட்டாம் பத்து, எட்டாம் திருவாய்மொழி, இரண்டாம் பாசுரத்தின் முதற்சொல்லை. 'நான்' என்ன வேண்டிய இடத்தில் நம்மாழ்வார் 'அடியேன்' என்றார். முமுக்ஷுப்படியில் பிள்ளை லோகாசார்யரும், சேஷத்வத்தை விட்டு ஆத்மஸ்வரூபம் இல்லை என்றே நிர்ணயித்தார்.

இதனால் அறிவு விலக்கப்படவில்லை. அசித்தினின்றும் ஆத்மாவை வேறுபடுத்துவது அதுவே. ஆயினும் அறிவு, அசித்தன்று என்று காட்டுமளவே. இவ்வாத்மா யாருடையது என்பதைக் காட்டுவது சேஷத்வம். இவ்வுறவு சேஷனுடைய நினைவால் உண்டானதன்று. ஆகவே அவன் மறதியால் அழிவதுமன்று. மணி தன்னை அணிந்தவனை அறியாதாயினும் அவனுடையதே.

ஸ்ரீவராஹ நாயனார் பூமிப்பிராட்டிக்கு அருளிய சரமச்லோகத்தின் கருத்தும் இங்கு நினைக்கத்தக்கது. உடலும் மனமும் நலமாயிருந்த காலத்தில் தன்னை நினைத்த பக்தனை, அவன் உணர்விழந்து கிடக்கும் அந்திம காலத்தில் எம்பெருமான் தானே நினைத்துப் பரமகதி அடைவிக்கிறான். சேதனன் நினைவு தளருமிடத்தில் ஈச்வரன் நினைவு தளர்வதில்லை.

ஆதலின், தம் பெயரையும் மறந்த பெரியவர் செவியில் திருநாமம் சொல்வார், அவர் மறுமொழி கூறாமை கண்டு தளர வேண்டா. கேட்கக் கிடப்பவர் அன்றிருந்த அடியேனே.