மகிழுந்து எஞ்சினுக்கான சிறப்புக் கைக்கருவிகள்

சிறப்புக் கைக்கருவி என்பது எஞ்சினின் ஒரு குறிப்பிட்ட பாகத்தைக் கழற்றவோ, மாட்டவோ, அளக்கவோ உருவாக்கப்பட்ட கருவியாகும். ஸ்பேனர், திருப்புளி, குறடு போன்றவை பல வேலைகளுக்குப் பயன்படும் பொதுக் கருவிகள். ஸ்பார்க் பிளக் சாக்கெட், டார்க் ரெஞ்ச், ஆயில் ஃபில்டர் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ் ஆகியவை வீட்டில் மகிழுந்தைப் பழுதுபார்ப்போருக்கு அதிகம் உதவும் சிறப்புக் கருவிகள். பொருந்தாத கருவியால் உண்டாகும் சேதம், முதலில் இருந்த பழுதைவிடக் கூடுதல் செலவு வைக்கக்கூடும்.

ஊர்ச் சூழல்

புதுக்கோட்டை மாவட்டத்தின் குளத்தூர் வட்டம் திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டை நகருக்கும் இடையே உள்ளது. அதன் தலைமையிடம் கீரனூர். இத்தகைய ஊர்களில் ஆயில் மாற்றுதல், ஸ்பார்க் பிளக் மாற்றுதல் போன்ற சிறு வேலைகளை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ள முடியும். ஆனால் சிலிண்டர் ஹெட்டில் ஒரு பிளக்கின் மரை கெட்டுவிட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். அதை இழுத்துச் சென்று, மரையைப் புதுப்பிக்கும் வசதியுள்ள பட்டறையில்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். எனவே பட்டறையிலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்குக் கருவித் தேர்வு மேலும் முக்கியமானது.

தேர்வுக்கான மூன்று கேள்விகள்

கருவி வாங்கும் முன் மூன்று செய்திகளை அறிய வேண்டும்: கழற்ற வேண்டிய பாகத்தின் சரியான அளவு, அதற்குத் தேவையான விசை, கருவி நுழைந்து திரும்புவதற்கான இடம். முதல் இரண்டும் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும்.

அளவின் முக்கியத்துவத்துக்கு அம்பாசடர் நல்ல எடுத்துக்காட்டு. 1957 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட இவ்வண்டி, பிரித்தானிய மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்தது. அதன் பழைய எஞ்சின்களில் போல்ட்டுகள் அங்குல அளவில் அமைந்தவை. அரை அங்குலத் தலையின் அகலம் 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. ஸ்பேனர் மாட்டும், ஆனால் 0.3 மி.மீ. இடைவெளி இருப்பதால், இறுகிய போல்ட்டைத் திருப்பும்போது வழுக்கித் தலையின் முனைகளை மழுக்கிவிடும். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 மெட்ரிக் அளவு கொண்டது. ஆகவே ஒரு வண்டிக்கு வாங்கிய சாக்கெட் தொகுதி மற்றொன்றுக்கும் பொருந்தும் எனக் கருதக் கூடாது. துருப்பிடித்த போல்ட்டுக்குப் பன்னிரு முனைச் சாக்கெட்டைவிட அறுமுனைச் சாக்கெட் ஏற்றது. அது தலையின் பக்கங்களை அகலமாகப் பற்றுகிறது.

ஸ்பார்க் பிளக் சாக்கெட்

பெரும்பாலான மகிழுந்துகளில் பிளக்கின் மரை 14 மி.மீ. விட்டம் கொண்டது. ஆனால் கருவி பற்றும் அறுகோணப் பகுதி வேறுபடும்: பழைய வண்டிகள் பலவற்றில் 20.8 மி.மீ., பிற்கால வண்டிகள் பலவற்றில் 16 மி.மீ. கடைகளில் 20.8 மி.மீ. சாக்கெட் 21 மி.மீ. என்றும் விற்கப்படுகிறது. சாக்கெட்டின் உள்ளே ரப்பர் வளையமோ காந்தமோ இருப்பது நல்லது. அது பிளக்கைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பீங்கான் பகுதி விரிசல் விடும் வாய்ப்பையும் குறைக்கும்.

செம்மண் புழுதியில் ஓடும் வண்டிகளில் பிளக் குழிக்குள் மணல் சேர்ந்திருக்கும். பிளக்கைக் கழற்றும் முன் காற்றடித்து அதை வெளியேற்ற வேண்டும். இல்லையெனில் மணல் சிலிண்டருக்குள் விழும். எஞ்சின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். புதிய பிளக்கின் முதல் சில சுற்றுகளைக் கையால் திருக வேண்டும். தடை தெரிந்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள்.

டார்க் ரெஞ்ச்

இறுக்கும் முறுக்குவிசையை அளந்து காட்டும் கருவி இது. அதன் அலகு நியூட்டன் மீட்டர். முறுக்குவிசை என்பது கை தரும் விசையையும் கைப்பிடியின் நீளத்தையும் பெருக்கினால் கிடைப்பது. அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. பிளக்குக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும். 25 செ.மீ. நீளக் கைப்பிடியில் ஏறத்தாழ 10 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கொடுத்தாலே 25 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். அதே அழுத்தத்தை 50 செ.மீ. கைப்பிடியில் கொடுத்தால் அது இருமடங்காகும். நீளக் குழாய் மாட்டி இறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துபோவது இதனால்தான்.

டார்க் ரெஞ்ச்சின் அளவெல்லையின் அடிப்பகுதியில் துல்லியம் குறையும். பிளக் வேலைக்கு 200 நியூட்டன் மீட்டர் வரை செல்லும் பெரிய ரெஞ்ச்சைவிட, சுமார் 50 அல்லது 60 வரை செல்லும் சிறிய ரெஞ்ச் பொருத்தமானது. இக்கருவியைப் போல்ட் கழற்றப் பயன்படுத்தக் கூடாது. ‘கிளிக்’ வகையை வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும்.

ஆயில் ஃபில்டர் ரெஞ்ச்

இது பட்டை வகை, தொப்பி வகை, மூன்று கால் வகை எனக் கிடைக்கிறது. பக்கவாட்டில் இடமில்லாத வண்டிக்குத் தொப்பி வகை ஏற்றது. ஆனால் அதன் விட்டமும் உட்பக்க மடிப்புகளின் எண்ணிக்கையும் ஃபில்டருடன் ஒத்திருக்க வேண்டும். பல அளவுகளுக்கும் ஒரே கருவி வேண்டுவோர் மூன்று கால் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். திருகும் வகை ஃபில்டரைக் கழற்றவே ரெஞ்ச் தேவை. புதியதை, அதன் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, ஃபில்டரில் அச்சிட்டுள்ள அளவுக்குக் கையால் இறுக்குவதே பொதுவான முறை. பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அகற்ற வேண்டும். விட்டுவிட்டால் ஆயில் ஒழுகும்.

அளவுக் கருவிகள்

ஃபீலர் கேஜ், தடிமன் குறித்த மெல்லிய எஃகுத் தகடுகளின் தொகுப்பு. வால்வு இடைவெளி, பிளக் இடைவெளி ஆகியவற்றை இதனால் அளக்கலாம். கம்ப்ரஷன் கேஜ், பிளக் துளையில் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அறிய உதவுகிறது. ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்தால், அதில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளப்பர். அழுத்தம் கூடினால் பிஸ்டன் வளையத் தேய்மானத்தையும், கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் கோளாற்றையும் ஐயுறலாம். தேவையற்ற பாகங்களை வாங்காமல் தடுப்பதால் இக்கருவி தன் விலையை விரைவில் மீட்டுத்தரும்.

வாங்க வேண்டாதவை

வால்வு ஸ்பிரிங் கம்ப்ரஸர், டைமிங் பூட்டுக் கருவிகள் போன்றவை பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே தேவைப்படும். டைமிங் தவறினால் சில எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும். காமன் ரெயில் டீசல் எஞ்சினின் எரிபொருள் குழாயில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் செல்லும். அங்கு பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும். இவ்வேலைகளைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட வேண்டும். முதல் முறை கருவி வாங்குவோருக்குத் தம் வண்டிக்குரிய பிளக் சாக்கெட், சிறிய டார்க் ரெஞ்ச், ஃபில்டர் ரெஞ்ச் ஆகிய மூன்றும் போதும். மற்றவற்றை அந்தந்த வேலை வரும்போது வாங்கலாம்.