மலிவான சோதனைக்கு ஆகும் செலவு

காசநோயைக் கண்டறிய ஏழை நாடுகளில் நெடுங்காலம் நம்பியிருந்தது ஒரே ஒரு முறையைத்தான்: சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. ராபர்ட் காக் 1882இல் கிருமியை அடையாளம் காட்டியபின் சில ஆண்டுகளுக்குள் உருவான இம்முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. செலவு சொற்பம். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் குறைந்தது 5,000 கிருமிகளாவது இருந்தால்தான் ஏதாவது தென்படும். இதனால் நோயாளிகளில் பாதிப் பேர்வரை ‘ஒன்றுமில்லை’ என்ற முடிவோடு வீடு திரும்புகிறார்கள். சளியைக் காறித் துப்பத் தெரியாத குழந்தைகளும், சளியில் கிருமி குறைவாக இருக்கும் எச்.ஐ.வி. நோயாளிகளும் இன்னும் அதிகமாகத் தவறிப்போகிறார்கள். ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை இதைவிடப் பல மடங்கு நுட்பமானது. ஆனால் முடிவு வர இரண்டு முதல் எட்டு வாரங்கள் ஆகும்.

இந்த இடைவெளியை நிரப்ப வந்தது ஜீன்எக்ஸ்பர்ட். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் இதைப் பரிந்துரைத்தது. கரைசல் கலந்த சளியைக் கார்ட்ரிட்ஜில் ஊற்றி இயந்திரத்தில் செருகினால், கிருமியின் மரபணுத் துண்டைப் பெருக்கி, நோய் உண்டா, ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா என்று இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். 100 நோயாளிகளில் ஏறத்தாழ 85 பேரைக் கண்டுபிடிக்கும். அடுத்து வந்த ‘அல்ட்ரா’ கார்ட்ரிட்ஜ் 90 பேரைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் முன்பு சிகிச்சை பெற்றுக் குணமானவர்களிடம் எஞ்சியிருக்கும் செத்த கிருமியின் மரபணுவையும் சில சமயம் நோய் என்று காட்டிவிடுகிறது.

கார்ட்ரிட்ஜின் விலை முதலில் ஏறத்தாழ 17 டாலர். நன்கொடை அமைப்புகள் கைகொடுத்ததால் ஏழை நாடுகளுக்கு 2012இல் 9.98 டாலராகவும், 2023இல் 7.97 டாலராகவும் இறங்கியது. ஐந்து டாலருக்கே விற்கலாம் என்கிறது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு. கார்ட்ரிட்ஜோடு செலவு முடிவதில்லை. இயந்திரத்துக்குத் தடையற்ற மின்சாரம், குளிரூட்டிய அறை, ஆண்டுதோறும் சரிபார்ப்பு எல்லாம் வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்களை எண்ணியே கோவாவின் மோல்பயோ நிறுவனம் பேட்டரியில் ஓடும் ‘ட்ரூநாட்’ கருவியை உருவாக்கியது. 2020இல் அதற்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்தது.

யாரைச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தும் முடிவின் மதிப்பு மாறும். நோயற்ற 100 பேரில் 98 பேரைச் சரியாக விட்டுவிடும் சோதனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1,000 பேரில் 200 பேருக்கு நோயிருக்கும் மருத்துவமனையில் அது தவறாகப் பிடிப்பது 16 பேரைத்தான். 10 பேருக்கு மட்டுமே நோயிருக்கும் ஊரில் அதே சோதனை 20 பேரைத் தவறாகப் பிடித்துவிடும்; உண்மையில் நோயுள்ளவர்களைவிட இரு மடங்கு! ஊர்முழுக்கச் சோதிக்கும்போது முதலில் எக்ஸ்ரேயால் வடிகட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் தனியார் ஆய்வகங்கள் பல ஆண்டுகள் விற்றுவந்த இரத்தச் சோதனையின் கதை வேறு. கிருமியைத் தேடாமல், உடலில் அதற்கு எதிராக உருவாகும் புரதங்களைத் தேடிய அது, நோயற்றவரை நோயாளியாக்கியது. நோயாளியை நலமானவர் என்றது. தவறான முடிவை நம்பியவர் ஆறு மாதம் தேவையில்லாமல் மருந்து விழுங்கினார், அல்லது மருந்தே இல்லாமல் வீட்டாருக்கும் நோயைப் பரப்பினார். இந்தச் செலவை எந்த ரசீதும் காட்டவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011இல் அதைக் கைவிடச் சொன்னது. இந்திய அரசு 2012இல் தடை செய்தது.

நல்ல சோதனை வந்ததும் மரணம் குறைந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. தென்னாப்பிரிக்கா 2011 முதல் நாடெங்கும் ஜீன்எக்ஸ்பர்ட்டைக் கொண்டுவந்தது. மைக்ரோஸ்கோப்போடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில் இறப்பு விகிதம் மாறவில்லை. அறிகுறிகளையும் எக்ஸ்ரேயையும் வைத்து மருத்துவர்கள் ஏற்கெனவே சிகிச்சை தொடங்கிக்கொண்டிருந்ததும், நோய் உறுதியான சிலர் மருந்து தொடங்காமலே நழுவிப்போனதும் காரணங்களாகக் கூறப்பட்டன.

இதற்கு நேர்மாறான உதாரணம் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான சிறுநீர்ப் பட்டைச் சோதனை. விலை சுமார் மூன்றரை டாலர், 25 நிமிடத்தில் முடிவு, இயந்திரமே வேண்டாம். நோயாளிகளில் பாதிக்கும் குறைவானவர்களைத்தான் கண்டுபிடிக்கும். ஆனாலும் சளி வராத, எழுந்து நடக்க முடியாத நோயாளியிடமும் சிறுநீர் கிடைக்கும். தென்னாப்பிரிக்கா, தான்சானியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், வழக்கமான சோதனைகளோடு இதையும் சேர்த்தபோது எட்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 25 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தார்கள்.